விலையில்லா மடிக்கணினியும் வேண்டாத லினக்ஸும்

தீபாவளிக்கு ஊருக்குப் போன இடத்தில் சுற்ற ஆரம்பித்த கொசுவர்த்திச் சுருள் இது. பதிவு கொஞ்சம் நீளம், முன்னாடியே சொல்லிடறேன். ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயங்காலம் டீ கிளாஸோட வந்து படிங்க. :-)

ஊர் முத்துப்பேட்டை. திருத்துறைப்பூண்டிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவுல இருக்கு. தெற்கே போனா அலையாத்திக் காடு, அதைத் தாண்டினா கடல். காவிரித் தண்ணி எங்கெங்கோ பாய்ஞ்சு மிச்சம் மீதி வந்து சேர்ற கடைமடை. எங்க வீட்டுல ஒரு பத்தாயம் உண்டு. தாத்தா காலத்து மரப் பத்தாயம். அதுல நெல்லு கொட்டி வருஷக்கணக்காச்சு. இப்போ அது பழைய சாமான் போடற இடம். பித்தளை அண்டா, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, ஓடாத மிக்சி, இதுகளுக்கு நடுவுல ஒரு சாக்குப் பையில சுத்தி ஒரு லேப்டாப். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சப்போ ஓடு பறக்குதுன்னு அம்மா அதைத் தூக்கி பத்தாயத்துக்குள்ள போட்டு மூடியிருக்காங்க. தென்னை போச்சு, மாட்டுக் கொட்டகை போச்சு, லேப்டாப் பிழைச்சுது. அப்புறம் அது அங்கேயே இருந்துடுச்சு.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடிதான், 2025 அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருந்தது. ஆபீஸ்லயும் சொந்தக்காரங்க மத்தியிலயும் ஒரே கேள்வி. "என் மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாதாம், தூக்கிப் போட்டுடவா?" பொட்டி தட்டுறவன்னா எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சிருக்கணும்னு ஒரு நம்பிக்கை. லினக்ஸ் போடுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்ச நேரத்துலதான் அம்மா, "நீ மொதல்ல உங்க அக்கா லேப்டாப்ப எடுத்துப் பாரு, அதுல ஏறுதான்னு" அப்படின்னாங்க.

கவனிச்சீங்களா, "உங்க அக்கா லேப்டாப்". நான் எல்லார்கிட்டயும் "என் முதல் லேப்டாப்" என்றுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அது தமிழக அரசு கொடுத்த லேப்டாப். இலவச லேப்டாப்னு சொல்லக் கூடாது, "விலையில்லா மடிக்கணினி". 2011ல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் இலவசம் என்ற சொல்லை எடுத்துவிட்டு எல்லாத்துக்கும் விலையில்லா என்று போட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் ஆரம்பம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படிப்பவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும். முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப். ஐந்து வருஷத்தில் 68 லட்சம் பேருக்குக் கொடுக்க 10,200 கோடி ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு. வகுத்துப் பார்த்தா ஒரு லேப்டாப்புக்கு 15,000. கடைசியில் 68 லட்சத்தை எட்டவில்லை, ஆனாலும் 50 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பேர் வீட்டுக்கு ஒரு அரசாங்கம் லினக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்த கதை உலகத்தில் அதிகம் கிடையாது. ஆமா, லினக்ஸ். அந்த லேப்டாப்பில் விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம், ரெண்டும் இருந்தது. வாங்கின பல பேருக்கே இது தெரியாது என்பதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னை சி-டாக் ஆட்கள் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது, 2007ல் முதல் வெளியீடு. மெனு முதற்கொண்டு தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வரும். கல்லூரி போனதும்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். 2012 பிப்ரவரியில் அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்குத் தெரிந்தது ஒண்ணே ஒண்ணு: அது எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

ஏன்னா நான் படித்தது தனியார் ஆங்கில வழிப் பள்ளி. அக்கா அரசுப் பள்ளி. எங்க பக்கம் இது ரொம்ப சாதாரணம், யாரும் வெட்கப்படுவதும் இல்லை, விளக்கம் சொல்வதும் இல்லை. ஆறு மா நிலத்தை வைத்துக்கொண்டு (ரெண்டு ஏக்கர்னு வைங்க) ஒரு பிள்ளைக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும், அது பையன். அதனால் நான் பத்தாவது படிக்கிறப்போ வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அக்கா பேருல, அக்கா கையெழுத்துல வந்தது. முதல்வர் படம் போட்ட பை வேற. அன்னிக்கு அவ முகத்துல ஒரு களை இருந்துச்சு பாருங்க!

கொஞ்சம் பின்னாடி போகலாம். எங்க ஊரு லேப்டாப்புக்கு முன்னாடியே உலகம் மலிவு லினக்ஸ் கம்ப்யூட்டருக்காகப் பல தடவை முட்டிப் பார்த்திருக்கு. அதுல நம்ம ஆளுங்க முன்னோடி. சிம்ப்யூட்டர் ஞாபகம் இருக்கா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் சாஃப்ட்வேர் கம்பெனியும் சேர்ந்து 2001ல் காட்டிய கையடக்கக் கருவி. லினக்ஸில் ஓடும். ஒரு கிராமத்துக்கே ஒண்ணு போதும், ஒவ்வொருத்தரும் தன் ஸ்மார்ட் கார்டைச் சொருகிப் பயன்படுத்திக்கலாம், படிக்கத் தெரியாதவங்களுக்கு அது வாசிச்சுக் காட்டும் என்றெல்லாம் திட்டம். யோசனை பிரமாதம். 9,000 ரூபாய்க்குத் தருவோம் என்று ஆரம்பித்தார்கள். 2004ல் அமிடா சிம்ப்யூட்டர் என்று கடைக்கு வந்தபோது கிட்டத்தட்ட அந்த விலைக்குக் கிடைத்தது கறுப்பு வெள்ளை மாடல்தான். அதற்குள் ஊர் ஊருக்கு செல்போன் வர ஆரம்பித்துவிட்டது. சில ஆயிரத்தோடு கதை முடிந்தது.

அடுத்து 2005ல் அமெரிக்காவில் எம்ஐடியின் நிக்கோலஸ் நெக்ரோபோன்ட்டி "நூறு டாலர் லேப்டாப்" என்று அறிவித்தார். ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப். பச்சை வெள்ளை நிறத்தில் முயல் காது மாதிரி ஆன்டெனா வைத்த எக்ஸ்ஓ. உள்ளே ஃபெடோரா லினக்ஸ், மேலே சுகர் என்று ஒரு இடைமுகம். வெயிலில் வைத்தாலும் திரை தெரியும். இந்தியாவிடம் கேட்டார்கள், 2006ல் மனிதவள அமைச்சகம் வேண்டாம் என்றது. ஒரு பக்கம் வகுப்பறையும் வாத்தியாரும் இல்லாதபோது இது எதற்கு என்ற வாதம். அந்த வாதத்தை முழுசாகத் தள்ளவும் முடியாது. உருகுவே நாடு மட்டும் 2007ல் துணிந்து இறங்கி அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்து முடித்தது. நூறு டாலர் என்றவர்கள் உற்பத்திக்கு வரும்போது கிட்டத்தட்ட இருநூறில் நின்றார்கள் என்பது தனிக்கதை.

ஆனா நூறு டாலர் கூச்சல் ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. லேப்டாப்னா 40,000 ரூபாய் என்றிருந்த கம்பெனிகள் மலிவிலும் சந்தை இருக்கு என்று முழித்துக்கொண்டன. 2007 அக்டோபரில் தைவானின் அசுஸ் ஈ-பிசி 701ஐ இறக்கியது. 7 அங்குலத் திரை, 512 எம்பி நினைவகம், 4 ஜிபி சேமிப்பு, அதுல சான்ட்ராஸ் லினக்ஸ். பெரிய பெரிய பொத்தான்களாக "இணையம்", "வேலை", "விளையாட்டு" என்று தாவல்கள். இன்றைய போனைவிடச் சின்ன பலம்தான், ஆனால் சுடச்சுட விற்றது. இந்தியாவில் எச்சிஎல் 2008 ஜனவரியில் மைலீப் வரிசையில் 13,990 ரூபாய்க்கு லினக்ஸ் போட்ட குட்டி லேப்டாப் விட்டது. அந்தக் காலத்தில் வலைப்பதிவு எழுதிய அண்ணன்கள் சிலர் இதைப் பார்த்து ஜொள்ளு விட்டிருப்பீர்கள்.

மைக்ரோசாஃப்டுக்கு இது நிஜமான தலைவலி. அப்போது அவர்களிடம் இருந்த விஸ்டா இந்தக் குட்டி மெஷின்களில் ஏறவே ஏறாது. 2008 ஜூனோடு விற்பனையை நிறுத்துவதாக இருந்த எக்ஸ்பிக்கு, இந்த மலிவு மெஷின்களுக்காக மட்டும் ஆயுளை நீட்டித்தார்கள். மலிவான உரிமத்தில் கொடுத்தார்கள். ரெண்டே வருஷத்தில் நெட்புக் என்றால் விண்டோஸ் என்று ஆகிவிட்டது. பிறகு அதே இடத்துக்காகவே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று கை கால் கட்டிய ஒரு பதிப்பு. அதுல வால்பேப்பரைக்கூட மாத்த முடியாது! சும்மா சொல்லலைங்க, நிஜமாவே முடியாது.

இங்கே எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். மலிவு லினக்ஸ் லேப்டாப் என்ற பேச்சு வந்த எல்லா இடத்திலும் லினக்ஸை உள்ளே விட்ட காரணம் ஒன்றுதான், அது காசு கேட்காது. அந்த ஒரே காரணத்தை எதிராளி விலையைக் குறைத்து உடைத்துவிட்டால் லினக்ஸுக்கு அங்கே வேலை இல்லை. கட்டற்ற மென்பொருள் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். வாங்கினவன் காதில் விழுந்தது "ஓசி" என்ற ஒரு சொல்தான்.

தமிழ்நாட்டில் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்த ஒருவர் இருந்தார், அவருக்கும் எங்க மாவட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு. சி. உமாசங்கர், ஐ.ஏ.எஸ். 1997ல் பிறந்த குழந்தை மாவட்டமான திருவாரூருக்கு 1999ல் கலெக்டராக வந்து, தாலுகா ஆபீஸ்களில் பட்டா, சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியவர். மின்னாளுமைக்கு நாட்டுக்கே முன்மாதிரி மாவட்டம் என்று திருவாரூரைச் சொன்னார்கள். கடைமடைக் கிராமத்து கிளார்க்குகளுக்கு எலி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துத்தான் இது நடந்தது. ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால் மெஷின் தானாக ஓடும் என்பது அங்கேதான் அவருக்குப் பிடிபட்டிருக்கும் என்பது என் ஊகம்.

அவர் 2006ல் எல்காட் நிர்வாக இயக்குநர் ஆனார். வந்ததும் எல்காட் ஆபீஸ் கம்ப்யூட்டர்களையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அடுத்து பள்ளிக்கூடங்களுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் அதே. ஆயிரக்கணக்கான பள்ளி லேப்களில் லினக்ஸ் இறங்கியது அப்போதுதான். 2008 வாக்கில் அவர் அங்கிருந்து மாற்றலாகிப் போனார். ஒரு ஆள் தள்ளி ஓடிய வண்டி, ஆள் இறங்கினதும் மெதுவானது.

இன்னொரு வேடிக்கை. அப்போதைய நம் மேல்நிலை கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடப் புத்தகம். முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ், இரண்டாவது சி++. ஓப்பன் ஆபீஸின் மூத்த அண்ணன்தான் ஸ்டார் ஆபீஸ். ஆரக்கிள் அதை 2011 வாக்கில் கைவிட்டுவிட்டது, நம் பிள்ளைகள் அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினார்கள். தமிழ்நாட்டு மாணவன் காகிதத்தில் ஓப்பன் சோர்ஸ் படித்தான், கையில் விண்டோஸ் தட்டினான். பக்கத்துல கேரளாவில் ஐடி@ஸ்கூல் திட்டத்தில் முதலில் வாத்தியார்களை உட்கார வைத்து லினக்ஸ் சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் பாடம், அப்புறம் செய்முறைத் தேர்வு, எல்லாமே லினக்ஸில். அங்கே அது இன்றைக்கும் நிற்கிறது. நாம் பெட்டியைப் பிள்ளை கையில் கொடுத்தோம். கேரளா வாத்தியாரைப் பிடித்தது. எது பெரிது என்று கேட்டால், எங்க அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பெட்டி இல்லாவிட்டால் நான் இல்லை, அதனால் நடுநிலையாக என்னால் பேச முடியாது.

சரி, எங்க வீட்டுக்கு வருவோம்.

2012. நினைவிருக்கும், தமிழ்நாட்டின் இருட்டு வருஷம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் கட். வந்த மெஷின் 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி டிஸ்க். ஆன் பண்ணினா கறுப்புத் திரையில் பட்டியல் வரும், அதுல விண்டோஸும் பாஸும். தெருவுல எல்லாருக்கும் ஒரே அறிவுரை: பாஸை அழிச்சுடு, டி டிரைவ் பெருசாகும், படம் நிறைய ஏத்தலாம். பக்கத்து டவுனில் ஒரு கடையில் 300 ரூபாய் கொடுத்தால் ஸ்டார்ட்டரையும் பாஸையும் துடைத்து விண்டோஸ் 7 அல்டிமேட் போட்டுக் கொடுப்பார்கள். உரிமமா? அவ்வ்வ். எங்க ஊர்ல விண்டோஸோட விலை 300 ரூபாய், அதுவும் போடற கூலி. ஓசிங்கிறது லினக்ஸோட பலம்னு பேசறதெல்லாம் அந்தக் கடை வாசல்ல எடுபடாது. அக்கா அந்த 300 ரூபாயைக் கொடுக்க மனசில்லாமல் விட்டாள். பாஸ் பிழைத்ததற்கு அந்தக் கஞ்சத்தனம்தான் காரணம்.

நாலு மாசத்தில் பென் டிரைவ் வழியா வைரஸ் வந்தது. ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு உள்ளே எக்ஸி ஃபைலா இருக்குமே, அதேதான். விண்டோஸ் ஏறவே இல்லை. அக்கா அழாத குறை. நான் அந்தப் பட்டியலில் ரெண்டாவதைத் தட்டிப் பார்த்தேன்.

முதல் அனுபவத்தைச் சொல்லணும்னா, திறந்ததும் தமிழில் "பயன்பாடுகள்", "இடங்கள்" என்று மேலே பட்டை. கம்ப்யூட்டர் தமிழ் பேசி அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்லை. இந்த மாதிரித் தமிழாக்கத்துக்கெல்லாம் 2000 வாக்கிலேயே யாஹூ குழுமங்களில் கூடி, வேலை நேரம் போக ராத்திரியில் கண் விழித்துப் பிள்ளையார் சுழி போட்ட தன்னார்வலர்கள் பற்றி அப்போது எனக்கு என்ன தெரியும்! பென் டிரைவைச் சொருகினேன். விண்டோஸில் கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருந்த வைரஸ் ஃபைல்கள் எல்லாம் இங்கே அப்பாவியாக வரிசையில் உட்கார்ந்திருந்தன. தேர்ந்தெடுத்து டெலீட் அடித்தேன். போயே போச்சு. பேயைப் பகலில் பார்த்த மாதிரி ஒரு தெம்பு. அடுத்த ஒரு வருஷம் எங்க தெருவுக்கே நான்தான் பென் டிரைவ் வைத்தியர்.

எல்லாம் இனிப்பு இல்லை. யூஎஸ்பி டேட்டா கார்டு சொருகினால் பாஸ் அதை சிடி டிரைவ் என்று நினைத்துக்கொள்ளும். விண்டோஸுக்கான டிரைவரை உள்ளே வைத்திருப்பதால் அந்தக் கருவி முதலில் சிடியாகத்தான் வேஷம் போடும், அதை மோடமாக மாற்ற யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்று ஒன்று வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு மோடம் வேண்டும். கிணத்துக்குள்ள கயிறு, கயிறு எடுக்க கிணத்துல இறங்கணும் கதை. ப்ரவுசிங் சென்டரில் போய் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, சார்புக் கோப்பு ஒன்று குறைகிறது என்று மறுபடி ஓடி, மூணு ஞாயித்துக்கிழமை போச்சு. அப்போ கைகொடுத்தது 2012 ஜனவரியில் த. சீனிவாசன் ஆரம்பித்த கணியம் மின்னிதழ். தமிழில் லினக்ஸ் கட்டளைகளைப் படித்தது அங்கேதான். மூணாவது ஞாயிறு ராத்திரி, கரண்ட் இல்லாத நேரத்தில், பேட்டரியில் இணையம் வந்தபோது நான் போட்ட கூச்சலில் மாடு கத்தியது.

அக்கா எங்கே என்று கேட்கிறீர்களா? அந்த ஜூனில் அவள் மன்னார்குடியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். காலை ஏழு மணி பஸ், சாயங்காலம் ஆறு. அவள் வரும்போது லேப்டாப் என் மடியில் இருக்கும். ஒன்பது மணிக்குத் தருவேன், பேட்டரி தீர்ந்து. அதை வைத்தும் அவள் ஒரு வேலை செய்தாள். பாஸில் இருந்த கால்க்கைத் தானாகவே பழகி, அப்பாவின் சாகுபடிக் கணக்கை ஏற்ற ஆரம்பித்தாள். 2012ல் மேட்டூர் வழக்கமான ஜூன் 12ல் திறக்கவில்லை, செப்டம்பர் 17ல்தான் திறந்தார்கள். குறுவை இல்லை. சம்பாவுக்குத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாத்து முற்றிப்போனது. அந்த வருஷக் கணக்கு முழுக்க, டீசல் எஞ்சின் வாடகை வரைக்கும், அவள் தமிழிலேயே அடித்து வைத்திருந்தாள்.

2013 மே. எனக்குப் பதினொன்றாவது முடிந்த லீவு. பாஸ் பழசு, உபுண்டு 12.04 புதுசு என்று படித்துவிட்டு, இறக்கி, நிறுவ உட்கார்ந்தேன். ஒரு கட்டத்தில் கேட்கும்: டிஸ்க்கை அழித்து நிறுவவா, பக்கத்தில் நிறுவவா? நான் எதைத் தட்டியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். இருபது நிமிஷத்தில் பளபளவென்று உபுண்டு. அக்காவின் முதல் வருஷக் குறிப்புகள், கூட்டாளிகளோடு எடுத்த படங்கள், அப்பா கணக்கு, எதுவும் இல்லை.

சாயங்காலம் அவளிடம், "கரண்ட் போய்ப் போய் வந்ததுல டிஸ்க் அடிபட்டுப் போச்சுக்கா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த லேப்டாப்பைக் கேட்கவும் இல்லை.

நான் 2014ல் பொறியியல் சேர்ந்தேன், லேப்டாப் என்னோடு ஹாஸ்டலுக்கு வந்தது. நாலாவது செமஸ்டர் ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் மற்றவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்து முழித்தபோது நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 2018ல் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை. கேட்ட கேள்வியில் பாதி லினக்ஸ். அரசாங்கக் கணக்கில் இந்த லேப்டாப்பின் பயனாளி யார் என்று பார்த்தால் அக்கா பெயர்தான் இருக்கும்.

ஊரில் அக்கா செட்டில் யார் வீட்டிலாவது பாஸ் மிச்சம் இருந்ததா என்று பின்னாளில் விசாரித்தேன். இல்லை. 2013ல் அரசு தன் துறைகளையே எக்ஸ்பியை விட்டு பாஸுக்கு மாறச் சொன்னது, அதுவும் ஆபீஸ்களில் பெரிதாக ஒட்டவில்லை. 2018ல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவுக்கும் இடம் கொடுத்தார்கள். லேப்டாப் விநியோகம் கொரோனா சமயத்தோடு நின்றது. 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப் என்று மறுபடி அறிவித்தார்கள். இந்த முறையாவது ஒரு பயிற்சி வகுப்பு வைங்கய்யா.

இப்போ தீபாவளிக்கு அடுத்த நாள். சாக்கைப் பிரித்து, தூசு தட்டி, சார்ஜர் தேடிச் சொருகினேன். பேட்டரி செத்திருந்தது, மெஷின் உயிரோடு இருந்தது. டெபியன் 12 போடலாம் என்று பென் டிரைவில் பூட் செய்து, அதே கேள்வி திரையில் வந்தபோது கை நின்றது. டிஸ்க்கை அழிக்கவா?

320 ஜிபி டிஸ்க்கில் நான் அஞ்சு வருஷத்தில் பயன்படுத்தியது 50 ஜிபி இருக்கும். ஃபார்மட் அடித்தால் அட்டவணைதான் போகும். மேலே வேறு எதுவும் எழுதாத இடத்தில் பழைய தகவல் அப்படியே கிடக்கும். இது எனக்கு 2013ல் தெரியாது. 2018லிருந்து நன்றாகத் தெரியும், ஆனால் நினைத்துப் பார்த்ததில்லை. ஃபோட்டோரெக் என்று ஒரு கட்டற்ற மென்பொருள், டிஸ்க்கைத் துண்டு துண்டாகத் துழாவி ஃபைல்களைப் பொறுக்கித் தரும். வெளி டிஸ்க் ஒன்றைச் சொருகி ஓட விட்டுத் தூங்கப் போனேன். காலையில் பல ஆயிரம் ஃபைல். பெயர் எதுவும் திரும்ப வராது, வெறும் எண்தான். முக்கால்வாசி குப்பை. படங்களில் பாதி அறுந்து, மேல் பாதி முகம், கீழ்ப் பாதி சாம்பல். கால்க் ஃபைல்கள் மட்டும் பதினாலு. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்பதாவது அவளுடையது.

பட்டுக்கோட்டைக்கு போன் போட்டேன். அத்தான் எடுத்து அவளிடம் கொடுத்தார். உண்மையைச் சொன்னேன், கரண்ட் இல்லை, நான்தான் அழித்தேன் என்று.

"தெரியும்டா. லேப்டாப்புல பேட்டரி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கரண்ட் போனா அது எப்படிடா அடிபடும்?"

"அப்ப ஏன்க்கா கேக்கல?"

"கேட்டு? நீ பன்னெண்டாவது படிக்கப் போற புள்ள. சரி, கணக்கு முழுசா இருக்கா? அப்பாவுக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு. எனக்கு வாட்ஸப்ல அனுப்பு."

முழுசாக இருந்தது. விதை நெல், சி.ஆர். 1009, இரண்டு மூட்டை. நாத்துப் பறி. நடவு ஆள், பதினெட்டு. டீசல். எஞ்சின் வாடகை. மறுபடி டீசல். மறுபடி டீசல். அதற்குக் கீழே, தனி நிறம் கூடப் போடாமல் அதே பட்டியலில், "தம்பி ஸ்கூல் பீஸ் 2வது தவணை, 6,500". அதற்கு அடுத்த வரியில், "பஸ் பாஸ் (எனக்கு), 180".

அனுப்பிவிட்டேன். டெபியன் இன்னும் போடவில்லை, டிஸ்க்கை முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டிஸ்கி: பேட்டரி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்கா பையன் மூணாவது படிக்கிறான், மெஷின் அவனுக்குப் போகணுமாம். அவனுக்கும் முன்னாடி அவள் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வாளாம்.